அட்டபந்தனம் என்னும் மருந்து

சென்ற கிழமை இத்தொடரில் 'சாந்து' என்ற சொல்லைப் பற்றிப் பேசினேன். சந்தனச் சாந்து, சுண்ணச் சாந்து, நெற்றியில் இடும் பொட்டுச் சாந்து என்று அச்சொல் போகும் வழிகளை ஒருவாறு சொல்லி முடித்தபின், முகத்துவாரத்திலிருந்து ஒரு நேயர் கடிதம் எழுதியிருந்தார். கேள்வி சின்னது. கோவிலில் சுவாமியைப் பீடத்தில் இருத்தும்போது அடியைச் சுற்றிவர ஒன்றை வைத்து அழுத்துகிறார்களே, அது சாந்தா, பசையா? ஏன் அதை மட்டும் மருந்து என்கிறோம்?

தமிழாசிரியன் ஒருவனுக்கு இதைவிட இனிப்பான கேள்வி வாய்ப்பது அரிது. ஆனால் அகராதியைப் புரட்டி மட்டும் விடை சொல்லக்கூடிய கேள்வியன்று இது. உலக்கையையும் கொஞ்சம் பிடித்துப் பார்க்கவேண்டும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'மருந்து' நோய் தீர்ப்பதற்கு மட்டும் உரிய பெயர் அன்று. வெடிமருந்து உண்டு, பூச்சிமருந்து உண்டு, வசிய மருந்து என்று ஊரிலே பயங்காட்டுவதும் உண்டு. பல பொருளை அளவறிந்து சேர்த்து, இடித்தோ அரைத்தோ காய்ச்சியோ, சேர்ந்தவற்றில் எதனிடமும் தனியே இல்லாத ஓர் ஆற்றலை வருவித்தால் அதற்கு மருந்து என்று பெயர். கரியும் கந்தகமும் வெடியுப்பும் தனித்தனியே மூன்று போத்தலில் இருந்தால் எதுவும் வெடிக்காது. பசை அப்படியன்று. ஒட்டும் தன்மை எங்கே இருந்தாலும் அது பசைதான். கூழிலும் பசை, பணக்காரன் கையிலும் பசை. சாந்து குழைத்துப் பூசுவதைக் குறிக்கும். ஆகவே அட்டபந்தனத்தை மருந்து என்று முதலில் அழைத்தவர், அதன் ஒட்டுதலையும் குழைவையும் விட்டுவிட்டு, அதன் சேர்மானத்தைப் பார்த்தே பெயரிட்டிருக்கிறார். அந்த மனிதர் யாராயினும், பொருள்களைப் பற்றி நம்மில் பலரைவிட நன்றாகச் சிந்தித்தவர்.

கொட்டாஞ்சேனையில் குடியிருப்பவனுக்கு இச்சொல் செவிக்குப் பழகியது. மதிலில் ஒட்டும் அறிவித்தலிலும் பத்திரிகை விளம்பரத்திலும் 'புனராவர்த்தன அஷ்டபந்தன மகா கும்பாபிஷேகம்' என்று நீளமாக அச்சிடுவார்கள். நாளையும் முகூர்த்தத்தையும், எண்ணெய்க்காப்பு எப்போது என்பதையும் பார்த்துக்கொண்டு நாம் போய்விடுவோம். நடுவிலே கிடக்கும் அந்த 'அஷ்டபந்தனம்' என்ன என்று நின்று கேட்பவர் குறைவு.

கொச்சிக்கடைப் பக்கம் நடந்தால் பொன்னம்பலவாணேசர் கோவில். 1857இல் பொன்னம்பல முதலியார் எழுப்பிய கோவிலை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 தொடக்கம் கருங்கல்லில் மீளக் கட்டுவித்தார். 1912இல் கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. உள்ளே போனால் காலடியில் கல், தூணில் கல், தலைக்கு மேலே கல். வெளியே துறைமுகத்துப் பாரவண்டிகளின் அதிர்வும் கடற்காற்றும். இப்படிக் கல்லாலான கோவில்களிலும், மூலமூர்த்தியும் பீடமும் சேரும் இடத்தில், கல்லல்லாத ஒரு பொருளை வைத்தே தீரவேண்டும் என்பது ஆகம வழி. ஏன்? கல்லைக் கல்லோடு நேரே பொருத்திவிட்டால் என்ன குறைந்துபோகும்?

ஆவதைக் கணக்கிலே பார்க்கலாம். ஒரு மீற்றர் நீளமான கருங்கல், வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால், ஏறத்தாழ 0.08 மில்லிமீற்றர் நீளும். ஒரு தலைமயிரின் தடிப்பு என்று சொல்லலாம். அது ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் மூர்த்தி ஒரு கல், பீடம் வேறொரு கல். தீபத்தின் சூடு ஒன்றில் கூடுதலாக ஏறும், அபிடேக நீரின் குளிர் மற்றொன்றில் முதலில் இறங்கும். பாலும் இளநீரும் எண்ணெயும் மாறிமாறி விழும். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு காலப் பூசையிலும், இரண்டு கல்லும் ஒன்றையொன்று மயிரிழை அளவு தள்ளிக்கொண்டே இருக்கும். நடுவில் வைப்பது கல்லைப்போல் விறைப்பாக இருந்தால் ஒரு நாள் அது வெடிக்கும், அன்றேல் கல் வெடிக்கும். மெழுகைப்போல் தளர்வாக இருந்தால் வெக்கையில் ஒழுகி, நீர் உள்ளே இறங்கும். வேண்டியது இரண்டுக்கும் இடைப்பட்டது: பாரத்தைத் தாங்கவேண்டும், நெருக்கினால் சற்று இடங்கொடுக்கவேண்டும், நீரை உள்ளே விடக்கூடாது.

இனி, எட்டுப் பொருள்களைப் பாருங்கள். கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். அளவுகள் பத்ததிக்குப் பத்ததி வேறுபடும். பெயர்கள் பெரும்பாலும் இவையே. இப்படி ஒரே மூச்சில் சொன்னால் நாட்டு மருந்துக் கடையின் சிட்டைபோல இருக்கும். ஆனால் இனம் பிரித்து அடுக்கினால் வேறொன்று தெரிகிறது. சுக்கான்கல், கற்காவி, சாதிலிங்கம் மூன்றும் கனிமம். மண்ணிலிருந்து தோண்டி எடுத்து மாவாக்குபவை. கொம்பரக்கும் குங்கிலியமும் பிசின். மெழுகும் வெண்ணெயும் கொழுப்பு. பஞ்சு நார். மூன்று கல், இரண்டு பிசின், இரண்டு கொழுப்பு, ஒரு நார். இன்றைக்குப் பொறியியற் கல்லூரியில் கூட்டுப்பொருள் என்று கற்பிக்கிறார்களே, அதன் உறுப்புகள் முழுவதும் இந்த எட்டில் அடங்கிவிட்டன.

பிசின்தான் பிடிப்பது. குங்கிலியம் சால மரத்து இனங்களில் வடிந்து இறுகுவது, தூபத்துக்கு இடுகிறோம். அரக்கு மரத்தின் பிசின் என்று பலர் நினைப்பதுண்டு. அது மரத்தினுடையது அன்று. சிறு பூச்சியொன்று மரக்கொம்பின் சாற்றை உறிஞ்சித் தன்னைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் கூடு. கொம்போடு ஒடித்து எடுப்பதனால் கொம்பரக்கு. இந்த இரண்டும் கல்லை இறுகப் பற்றும், நீரை ஏற்காது. ஆனால் தனியே விட்டால் குளிர்ந்ததும் கண்ணாடிபோல் நொறுங்கும். ஆறும்போது சுருங்கி ஓரம் விட்டுப்போகும்.

அந்தச் சுருக்கத்தைத் தடுக்கத்தான் கல்மா. கல் சூட்டுக்கும் குளிருக்கும் பிசினைப்போல விரிவதுமில்லை, சுருங்குவதுமில்லை. பிசினின் இடத்தைக் கல்மணிகள் எவ்வளவு நிரப்புகின்றனவோ, அவ்வளவுக்குச் சுருக்கம் குறையும். பாரம் மணியிலிருந்து மணிக்கு இறங்கும். சுக்கான் சுண்ணாம்புக்கல் வகை. கற்காவி இரும்புத் துரு ஏறிய செம்மண்கல், சந்நியாசியின் வேட்டி நிறம் அதனுடையதே. சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் கூடியது, இரும்பைவிடப் பாரமானது. அதை அடுப்பில் போட்டால் நச்சு ஆவி கிளம்பும்; ஆகவே நேயர்கள் எவரும் வீட்டில் பரீட்சித்துப் பார்க்கும் ஆவலை விட்டுவிடவும்.

மெழுகும் வெண்ணெயும் பிசினை இளக்கி வைப்பவை. பிசினின் மூலக்கூறுகளுக்கு நடுவே கொழுப்பு புகுந்து, ஒன்றின்மேல் ஒன்று வழுக்க இடம் தருகிறது. நொறுங்குவது குழைவதாக மாறுகிறது. பஞ்சின் வேலை வேறு. எங்கேனும் ஒரு கீறல் தொடங்கினால், அது ஓடும் வழியில் நார் குறுக்கே கிடந்து நிறுத்தும். மண்சுவருக்கு வைக்கோல் மிதித்த நமது முன்னோருக்கு இது தெரியாததன்று.

இங்கே இலக்கியம் குறுக்கிடுகிறது. எனக்கு அது வேண்டியதே. பாரதத்தில் வாரணாவதத்து அரக்கு மாளிகையை நினைத்துக்கொள்ளுங்கள். புரோசனனிடம் துரியோதனன் கொடுக்கும் கட்டளையை வியாச பாரதத்தின் ஆதி பருவத்தில் பார்த்தால், சணலும் சர்ச்ச மரத்துப் பிசினும் சேகரிக்கச் சொல்கிறான். நெய்யும் எண்ணெயும் கொழுப்பும் நிறைய அரக்கும் கொஞ்சம் மண்ணும் சேர்த்துக் குழைத்துச் சுவருக்குப் பூசச் சொல்கிறான். சர்ச்சம் என்பது நமது குங்கிலிய மரந்தான். நார், பிசின், அரக்கு, நெய், மண்! இனம் ஒவ்வொன்றாகப் பார்த்தால் அட்டபந்தனத்தின் அதே அடுக்கு. உள்ளே கால் வைத்தவுடன் தருமன் மோப்பத்தாலேயே உணர்ந்துகொள்கிறான், நெய்யும் அரக்கும் மணக்கிறதென்று. வேற்றுமை அளவில் இருக்கிறது. அங்கே மண் கொஞ்சம், எரியும் பொருள் மிகுதி. இங்கே கல்மா கூடியது. ஒரே சேர்மானம், கை ஒரு பக்கம் சாய்ந்தால் மனிதரை எரிக்கும் சுவர், மறுபக்கம் சாய்ந்தால் தெய்வத்தை இருத்தும் மருந்து. அளவறிந்து சேர்ப்பது என்று மேலே சொன்னேனே, அதற்கு இதைவிட உதாரணம் எனக்குத் தெரியாது.

அளவு சரி. ஆனால் அளந்து சேர்த்தால் மட்டும் மருந்து ஆகிவிடாது. இடிக்கவேண்டும்.

நான் சிறுபையனாக இருந்தபோது எங்கள் ஊர்க் கோவிலில் மருந்து இடித்ததைப் பார்த்திருக்கிறேன். வசந்த மண்டபத்தின் ஒரு மூலையில் பெரிய கல்லுரல், நான்கைந்து பேர், மாறிமாறி உலக்கை. காலையில் தொடங்கிய ஓசை மத்தியானப் பூசை முடிந்தும் ஓயவில்லை. முதலில் பொருமிப் பொருமி உதிரும், பிறகு கட்டி கட்டியாகும், பிறகு மெல்ல மெல்ல ஒரே உருண்டையாகும். ஆறினால் இறுகும், மறுபடி சூடு காட்டி இடிப்பார்கள். என் அம்மப்பா உலக்கையை ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இன்னும் பதத்துக்கு வரேல்லை தம்பி. உலக்கையைப் பிடிக்கவும் வேணும், தூக்கினா விடவும் வேணும்."

ஏன் இவ்வளவு இடி? ஒரு செந்திமீற்றர்ச் சதுரக் கட்டியாக ஒரு கல்லை எடுத்தால் அதன் மேற்பரப்பு 6 சதுர செந்திமீற்றர். அதையே ஒரு மில்லிமீற்றர்க் கட்டிகளாக வெட்டினால் எல்லாவற்றினதும் மேற்பரப்பு 60. இன்னும் அரைத்து, ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு மணியாக்கித் துணியில் சலித்தால் 6000 சதுர செந்திமீற்றர். பாக்களவு கல், மாணவன் ஒருவனின் மேசைப் பலகை அளவு முகத்தை விரித்துவிடுகிறது. பிசின் பிடிப்பது முகத்தை. மணியை ஒட்டிய பிசின் மெல்லிய தோல்போல விறைத்துக்கொள்ளும்; இரண்டு மணிக்கு நடுவே உள்ளது தளர்வாய் இருக்கும். விறைப்பும் தளர்வும் இப்படி மணிக்கு மணி அருகருகே அமைவதில்தான் மருந்தின் குணம். ஒரு மணியேனும் பிசின் படாமல் உலர்ந்து கிடந்தால் அங்கே நீர் இறங்கும். உள்ளே காற்றுக் குமிழி கிடந்தாலும் அதே கதி. உலக்கை ஒவ்வொரு மணிக்கும் பிசினைப் பூசி, காற்றைத் துரத்துகிறது. இடியில் பிறக்கும் சூடும் இளக்கத்துக்கு உதவும். அடுப்பில் கூடுதலாகக் காய்ச்சிச் சுருக்குவழி தேடினால், அரக்கு மறுபடி உருகாத கட்டியாகிவிடும், அத்தனையும் வீண்.

இதே பாடத்தை இங்கிலாந்தில் ஒருவர் வேறு வழியில் கற்றார். தோமஸ் ஹன்கொக் என்பவர் இறப்பர்த் துண்டுகளைச் சிறு துணுக்குகளாகக் கிழிக்கவென்று 1820இல் பல் வைத்த உருளையொன்றைச் செய்தார். துணுக்குகளுக்குப் பதிலாகச் சூடான, இளகிய ஒரே உருண்டை வெளியே வந்தது. இடிபட்டதில் இறப்பரின் நெடிய சங்கிலிகள் அறுந்து இளகிவிட்டன. போட்டியாளர் அறியாதிருக்க அந்த யந்திரத்துக்கு அவர் வைத்த மறைபெயர் 'ஊறுகாய்'. இறப்பரோடு மாவாக்கிய கனிமங்களைக் கலக்கும் வழி அதன் பின்பே திறந்தது.

இறப்பர் என்றதும் நம் நாட்டுக் கதையும் வந்துவிடுகிறது. பிரேசிலிலிருந்து 1876இல் இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த விதைகளில் முளைத்த கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொட தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. அந்தப் பாலிலிருந்து நாம் இன்று செய்யும் பாரவண்டி ரயரை வெட்டிப் பார்த்தால் தனி இறப்பரைக் காணமாட்டோம். கந்தகமிட்டு வாட்டிய இறப்பருக்குள்ளே மிக நுண்ணிய கரித்தூள், சிலவற்றில் மணலின் இனமான சிலிக்காத் தூள், களிமண் தூள். தூளில்லாத இறப்பர் இழுபடும், துள்ளும். ஆனால் வீதியில் சில நாட்களில் தேய்ந்துவிடும். தொடக்க காலத்து ரயர்கள் கறுப்பாகவும் இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கரித்தூள் இறப்பரை இவ்வளவு வலுப்படுத்தும் என்று கண்டார்கள். அட்டபந்தனம் இறப்பரைப்போல இழுபட்டு மீளாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மணி விறைக்க, பிணைப்பு நெகிழ, இரண்டும் ஒன்றின் குறையை ஒன்று மறைக்க என்ற வேலைப்பங்கீடு இரண்டிலும் ஒன்றுதான்.

இதே பங்கீட்டைக் காண ரயர் கடை வரைக்கும் போகவேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து செட்டியார் தெரு எட்டிவிடும் தூரம். நகைக்கடைகளின் கண்ணாடிப் பளபளப்பை விட்டுவிட்டு, தகட்டில் பூவேலை உளியால் தட்டி எடுக்கும் பத்தர் ஒருவரின் முன்னே இருப்பதைப் பாருங்கள். தகட்டின் அடியில் கறுத்த ஒரு படுக்கை. குங்கிலியமும் செங்கற்பொடியும் கொஞ்சம் எண்ணெயும் அல்லது மெழுகும் உருக்கிச் சேர்த்தது. அதற்கும் அரக்கு என்றுதான் பெயர், பூச்சி அரக்கு அதில் இருக்கிறதோ இல்லையோ. கல்லின்மேல் தகட்டை வைத்துத் தட்டினால் தகடு நசுங்கும். பஞ்சின்மேல் வைத்தால் கிழியும். அந்தப் படுக்கை உளி இறங்கும் இடத்தில் மட்டும் இடங்கொடுத்து, சுற்றிவரத் தாங்கிப் பிடிக்கும். வேலை முடிந்ததும் சூடு காட்டினால் தகட்டை விட்டுவிடும்.

மெல்லத் தள்ளினால் ஒழுகும், சட்டென்று அடித்தால் கல்லாய் நிற்கும் என்ற இந்த இரட்டைக் குணம் பிசினுக்கும் தாருக்கும் பொது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 1927இல் ஒரு கண்ணாடிப் புனலில் தாரின் இனத்துக் கீலை ஊற்றிவைத்தார்கள். சுத்தியலால் அடித்தால் சில்லுச் சில்லாய் உடையும் அந்தக் கீல், புனலின் வாயைத் திறந்துவிட்ட 1930இலிருந்து 2014 வரை ஒன்பதே துளிகள் விழுந்திருக்கிறது. ஆறுதலான பேர்வழி.

செட்டியார் தெருவையும் பொன்னம்பலவாணேசர் கோவிலையும் நினைக்கும்போது மூன்றாவது ஒருவரும் நினைவுக்கு வருகிறார். இராமநாதனின் தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி. அவருடைய மகன் ஆனந்த குமாரசுவாமியைக் கலை விமரிசகராகவே நம் மாணவர்கள் அறிவார்கள். அவர் முதலில் கல் படித்தவர். இலங்கைக் கனிமவள ஆய்வின் பணிப்பாளராக 1903 முதல் 1906 வரை இந்நாட்டின் மலைகளில் சுத்தியலோடு திரிந்தார். மச்சான் இராமநாதன் கொச்சிக்கடையில் கல் அடுக்கிக்கொண்டிருந்த 1908இலே, இவர் இங்கிலாந்தில் தமது சிங்களக் கலை நூலை வெளியிட்டார். கண்டி நாட்டுக் கைவினைஞரின் வேலைகளை அந்நூல் விரித்துச் சொல்கிறது. மாத்தளைப் பக்கத்தில் அரக்கு வேலை செய்வோர் அரக்கைத் தணலில் இளக்கி, சிவப்புக்குச் சாதிலிங்கமும் மஞ்சளுக்கு அரிதாரமும் கூட்டி, அடித்து, இழுத்து, நூலாக்கி, பெருவிரல் நகத்தால் கிள்ளிக் கிள்ளி மரப்பிடியில் பூ வைப்பார்கள். அங்கேயும் கல்மா, அங்கேயும் பிசின், அங்கேயும் அடி.

கனிமத்தில் நம் மொழி பதித்த முத்திரையையும் இங்கே சொல்லிவிடவேண்டும். நீலமும் கெம்பும் ஒரே கனிமத்தின் இரு நிறம். வைரத்துக்கு அடுத்த வன்மை அதற்கு. வன்மை அளவையில் 9. ஆங்கிலத்தில் அதனைக் கொரண்டம் என்பர். அச்சொல் நமது 'குருந்தம்' என்ற சொல்லின் வழி சென்றதென்று ஆங்கில அகராதிகளே எழுதுகின்றன. குருந்தத் தூளை உருக்கிய அரக்கில் கலந்து சில்லாக வார்த்தால் சாணை. தென்னிந்தியாவில் மணி கடைவோர் நெடுங்காலம் பயன்படுத்தியது அதுவே. சாணையில் பிசினுக்கு இன்னொரு கடமையும் உண்டு. தேய்ந்து மழுங்கிய மணியை அது கைவிடவேண்டும். அப்போதுதான் அடியிலுள்ள கூர்மணி மேலே வரும். பிடியை விடத் தெரியாத பிசினால் செய்த சாணை வழுவழுத்துப்போய் ஒன்றையும் கூராக்காது. இன்று நுண்ணிய மெருகு வேலைக்கு இறப்பரில் மணி பதித்த சில்லுகளும் பாவனையில் உள்ளன.

பிடிக்கவும் வேணும், விடவும் வேணும். அம்மப்பாவின் சொல்லின் பொருள் எனக்கு முழுதாக விளங்கியது அண்மையில்தான்.

கொழும்பு வடக்கில் ஒரு சிறு கோவில், பெயர் வேண்டாம். சென்ற திருப்பணியின்போது மருந்துக்குப் பொருளும் இடிக்க ஆளும் போதவில்லையென்று, பரிவார மூர்த்தியாகிய பிள்ளையாருக்கு மட்டும் சீமெந்து வைத்திருக்கிறார்கள். அப்போது எவரும் குறை சொல்லவில்லை. இம்முறை பாலஸ்தாபனம் முடிந்து மூர்த்திகளைக் கழற்றினார்கள். மருந்து வைத்த மூர்த்திகள் சற்றுச் சிரமத்தோடு, ஆனால் சேதமில்லாமல் வந்துவிட்டன. பழைய மருந்து கறுத்து, கெட்டியாகி, வெடிப்புக் கண்டிருந்தது. உளியால் நெம்பச் சில்லுச் சில்லாகக் கழன்றது. வெண்ணெயும் மெழுகும் ஆண்டுக் கணக்கில் காற்றோடும் எண்ணெயோடும் நீரோடும் மாறி, இளக்கத்தை இழந்தால் அப்படித்தான் ஆகும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் வழக்கம் இந்த முதுமைக்கு நன்றாகவே பொருந்துகிறது.

பிள்ளையார் அசையவில்லை. சீமெந்து கல்லைவிடப் பிடிவாதமாய் நின்றது. சிற்பாசாரியார் இரண்டு நாள் பொறுமையாகத் தட்டினார். மூன்றாம் நாள் பீடத்தின் உதடு ஒரு சாண் நீளத்துக்குப் பெயர்ந்தது. அதோடு மூர்த்தியின் அடியிலும் ஒரு துண்டு போய்விட்டது. பின்னப்பட்ட மூர்த்தியைப் பூசையில் வைக்கக்கூடாது என்பதை நேயர்கள் அறிவார்கள். முப்பது வருடமாக அந்தப் பிள்ளையாருக்கு விளக்கு வைத்துவரும் ஓர் அம்மா திண்ணையில் இருந்தபடி கேட்டார்: "அப்ப என்ர பிள்ளையாரை மாத்திப் போடுவியளோ?" எவருக்கும் உடனே பதில் வரவில்லை.

பெரியபுராணத்தில் திருப்பனந்தாளில் சிவலிங்கம் ஒருபக்கம் சாய்ந்ததையும், யானை பூட்டி இழுத்தும் நிமிராததைக் குங்கிலியக் கலய நாயனார் தம் கழுத்திலே கயிறு கட்டி நிமிர்த்தியதையும் எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறேன். தாலியை விற்றுக் குங்கிலியம் வாங்கியவர் அவர். அன்று அந்த மண்டபத்தில் நின்றபோது அந்தக் கதை பாடநூலில் இருந்ததைவிடக் கிட்ட வந்தது.

உடைவு பீடத்தின் குழிக்குள்ளே மறையும் பாகத்தில்தான் இருக்கிறது, அங்கத்தில் பின்னமில்லை, ஆகவே மூர்த்தியை வைத்துக்கொள்ளலாம் என்று சிற்பாசாரியாரும் குருக்களும் ஆராய்ந்து சொன்னார்கள். பீடம் மட்டும் புதிது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அடுத்த பிரச்சினை, இம்முறை எதை வைப்பது? பரிபாலன சபைக் கூட்டத்தில் ஓர் இளைஞர், நல்ல எண்ணத்தோடுதான், "ஹாட்வெயார் கடையில இரண்டு ரியூப் எப்பொக்சி வாங்கினா ஒரு மணித்தியாலத்தில முடிஞ்சிடும். கல்லை உடைச்சாலும் அது விடாது" என்றார். என்னையும் பேசச் சொன்னார்கள். அவர் சொன்னதில் பொய்யில்லை என்றேன். எப்பொக்சியும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். அதிலும் பலவற்றில் கல்மா சேர்த்தே விற்கிறார்கள். பழையதா புதியதா என்பது எனக்குப் பெரிதில்லை. கல்லை உடைத்தாலும் விடாது என்பதுதான் என் பயம். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அதைக் கழற்றப்போகிறவன் யார், எப்படிக் கழற்றுவான் என்று மட்டும் கேட்டேன். இளைஞர் புதிதாய்ப் பெயர்ந்த பீடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, இடிக்கத் தன் நண்பர்கள் நாலு பேரைக் கூட்டிவருவதாகச் சொன்னார்.

அவர்கள் வந்தார்கள். நானும் ஒரு முறை உலக்கை பிடித்தேன். சோக்குக் கட்டி பிடித்துப் பழகிய கையில் அரை மணித்தியாலத்தில் கொப்புளம். பிள்ளையாருக்கு விளக்கு வைக்கும் அம்மா பஞ்சைப் பிய்த்து மெல்லியதாக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னேரம் நான்கு மணிபோல் மருந்து பதத்துக்கு வந்தது. கயிறுபோல் உருட்டி, மூர்த்தியின் அடியைச் சுற்றிவர வைத்து, சிற்பாசாரியார் பெருவிரலால் அழுத்திக்கொண்டு போனார். ஒவ்வோர் அழுத்தலிலும் ரேகை பதிந்தது. பிறகு உள்ளங்கையில் எண்ணெய் தொட்டு அதை வழித்து விட்டார்.

முகத்துவாரத்து நேயரே, சாந்தும் அல்ல, பசையும் அல்ல, மருந்துதான். உங்கள் கடிதத்தின் கடைசி வரியில், தச்சர் பலகை ஒட்டும் வச்சிரத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வராகமிகிரரின் பிருகத்சங்கிதையில் வஜ்ரலேபம் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதை அடுத்த கிழமை எடுத்துக்கொள்வோம்.